புறக்கோட்டையில், வண்டிக்கு இந்தப் பக்கம்

பெருநாள் உடுப்பு வாங்கப் புறக்கோட்டைக்குப் போய் வராத முஸ்லிம் குடும்பம் நமது நாட்டில் குறைவு. மாவனல்லையானாலும் சரி, பேருவளையானாலும் சரி, புத்தளமானாலும் சரி, நோன்பு பாதியைத் தாண்டியதும் ஒரு நாளைக் குறித்து, பிள்ளைகளின் சாமான்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு, விடிய முன்பே பஸ் ஏறுவது பல வீடுகளில் வழக்கம். அப்படிப் போய் வருகின்ற நமக்குத் தெரிந்தது வாங்குகிறவரின் புறக்கோட்டை. விலை கேட்கலாம், குறைத்துக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். விற்கிறவரின் புறக்கோட்டை வேறு. 2023, 2024 ஆகிய இரண்டு நோன்பு மாதங்களிலும் பிரதான வீதிப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்று வியாபாரம் செய்தபோது நான் கண்ட அந்த மற்றப் புறக்கோட்டையைப் பற்றியே வாசக சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

வண்டி என் சாச்சியுடையது. சாச்சா மௌத்தான பிறகு மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு தையல் இயந்திரத்தோடு வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். சிறு பிள்ளைகளின் கவுன்களைத் தைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். பின்னர், கேட்பவர்களின் பெயரையும் அவர்கள் விரும்பும் படத்தையும் உடுப்பில் பதித்துக் கொடுக்கும் தொழிலைப் பழகி, அதற்கான இயந்திரத்தையும் தவணைக் காசுக்கு வாங்கினார். வருடம் முழுவதும் வீட்டில் இருந்தே ஓடர் செய்வார். நோன்பு மாதத்தில் மட்டும் வண்டி வீதிக்கு வரும். அந்த ஒரு மாதத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

வழியில்

மாவனல்லையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். கண்டி வீதியால் கேகாலை, வரக்காப்பொல தாண்டி பஸ் இறங்கி வரும்போது, பஸ்யாலைக்குச் சற்று முன்பாகக் கஜுகம என்ற இடம் வரும். வீதியோரத்துச் சிறு கொட்டில்களில் வண்ண வண்ண உடுப்போடு பெண்கள் கஜு விற்பது இலங்கை முழுவதும் பெயர் பெற்ற காட்சி. சிறு வயது முதல் எத்தனையோ தடவை அந்தக் கொட்டில்களைக் கடந்திருக்கிறேன். வண்டியில் நின்று பழகிய பிறகு அவ்விடம் வந்தால், என் கண் கஜுவைத் தேடுவதில்லை. கொட்டிலுக்கு நிழல் இருக்கிறதா, அந்தப் பெண் உட்காரப் பலகை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

நிட்டம்புவ, யக்கல, கடவத்தை என்று வந்து களனி கங்கைப் பாலத்தைத் தாண்டினால் நெரிசல் தொடங்கிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி, கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை நோக்கி நடக்க வேண்டும். பார்ஸி குடும்பமொன்று தமது தந்தையின் நினைவாக எழுப்பி 1923ஆம் ஆண்டு திறந்து வைத்த கோபுரம் அது. அதைத் தாண்டினால் பிரதான வீதி.

கோட்டைக்குப் புறத்தே

கோட்டைக்குப் புறத்தே இருப்பதனால் புறக்கோட்டை. சிங்களத்தில் பிட்டகொட்டுவ என்பதும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் பெட்டா என்கிறார்களே, அது நமது ‘பேட்டை’ என்ற சொல்லின் வழி வந்தது. டச்சுக்காரர் காலத்தில் இது குடிமனைகள் நிறைந்த பகுதியாக இருந்தது. பிரின்ஸ் வீதியில் இன்று டச்சுக்கால நூதனசாலையாக இருக்கும் தூண் வைத்த பெரிய வீடு அந்தக் காலத்தது.

இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. கெய்சர் வீதியில் துணி. செட்டியார் தெருவில் நகை. நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, சீனி, வெங்காயம். கபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துச் சரக்கு. இவற்றுக்கிடையே பாரம் ஏற்றிய கைவண்டிகளோடு நாட்டாமிகள் குரல் கொடுத்துக்கொண்டு ஓடுவார்கள். வழி விடாவிட்டால் முதுகில் இடிபடுவது நிச்சயம்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக எழும்பி நிற்கிறது சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். அதை வரைந்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை கட்டடக்கலை படித்தவர் அல்லர் என்பது பலருக்குத் தெரியாது. தென்னிந்தியாவிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிகள் தொழுவதற்காகச் சேர்ந்து எழுப்பிய பள்ளி அது. அஸர் அதான் கேட்டால் எங்களுக்குப் பாதி நாள் முடிந்தது என்று பொருள். மஃரிப் அதான் கேட்டால் பேரீத்தம்பழம். இஷா அதானோடு இரண்டாவது கூட்டம் வரத் தொடங்கும்.

வண்டியும் இயந்திரமும்

எங்கள் வண்டி ஒரு கட்டிலின் அளவுதான். முன்பக்கம் மாதிரி உடுப்புகள் தொங்கும். நடுவில் ஓடர் கொப்பி. பின்பக்கம் ஹீட் பிரஸ் என்னும் சூட்டு இயந்திரம். மின்சாரம் பின்னால் உள்ள கடையிலிருந்து. அதற்கு நாட்கூலி போல ஒரு தொகை கொடுக்க வேண்டும்.

பெயர் பதிப்பது பார்க்க மாயம் போலத் தெரியும். உண்மையில் எளிய வேலை. கணினியில் பெயரை அடித்து, கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி, வைனல் தாளை வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். வெட்டிய தாளில் எழுத்தைத் தவிர்ந்த மிச்சத்தை ஊசியால் கிள்ளி எடுப்பது பொறுமையான வேலை. ‘ஷி’, ‘ஹ’ போன்ற எழுத்துகளின் உள்ளே இருக்கும் துண்டுகளையும் மறக்காமல் எடுக்க வேண்டும். பிறகு தாளைச் சட்டையில் வைத்து, சுமார் 150 பாகை செல்சியஸ் சூட்டில் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்தினால் எழுத்து துணியோடு ஒட்டிவிடும். பருத்திக்கு இது நன்று. பல நிறப் படங்களுக்கு வேறு முறை உண்டு. ஆனால் அந்த மை பொலியெஸ்டர் துணியில்தான் பிடிக்கும்; பருத்தியில் வைத்தால் கழுவக் கழுவப் போய்விடும். அபாயாத் துணி மெல்லியது. அதற்கு அதே சூட்டை வைத்தால் இயந்திரத்தின் தடம் பளபளவென்று விழுந்துவிடும். சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணியை விரித்துத்தான் அழுத்த வேண்டும்.

பெயர் பதித்த உடுப்பு வாங்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: முதல் நாளே கழுவாதீர்கள். கழுவும்போது உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். எழுத்தின் மேல் நேராக இஸ்திரிக்கை வைக்காதீர்கள். நீண்ட காலம் இருக்கும். பாதிக்கு மேல் முறைப்பாடுகள் இந்த மூன்றினாலும் வருபவைதான்.

வெறும் டீ ஷேர்ட்டுகளை நாங்கள் புறக்கோட்டையிலும் மஹரகம பமுணுவைச் சந்தையிலும் எடுப்போம். 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கியது. அந்நாளிலிருந்து வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சியவையும் சிறு பழுதுள்ளவையும் இந்தச் சந்தைகளுக்கு வந்தவண்ணமே உள்ளன. நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் தைத்ததே திரும்பவும் நம் கைக்கு வருகிறது.

பெயர் என்றால் சும்மாவா?

கடையில் விற்கும் சட்டைக்கும் எங்கள் சட்டைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். கடைச் சட்டையை இன்று ஒருவர் வேண்டாம் என்றால் நாளை இன்னொருவர் வாங்குவார். ‘ஷிம்லா பானு’ என்று பெயர் பதித்துவிட்டால் அது உலகில் ஒரு ஷிம்லா பானுவுக்குத்தான். முதல் நாளே சாச்சி எனக்குச் சொன்ன பாடம் இது: “மகள், உடுப்பைக் காட்டிக் காசு கேட்கிறது கஷ்டமில்ல. இல்லாத உடுப்புக்குக் காசு வாங்கிறோம், அதுதான் கஷ்டம். எழுதி எடுங்க. அவங்கட கையாலயே எழுத வைங்க. பிழைச்சா ஆருக்கும் விக்க ஏலாது.”

அதனால் ஓடர் கொப்பியில் பெயரை வாடிக்கையாளரே எழுதுவார். பாத்திமா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதும் நாடு இது. உம்மா சொல்வது ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இருப்பது இன்னொன்று, பாடசாலை இடாப்பில் இருப்பது மூன்றாவது. அளவும் அப்படித்தான். பிள்ளையைக் கூட்டி வராத உம்மாமார் தமது இடுப்பில் கை வைத்து “இவ்வளவு உயரம்” என்பார்கள். ஒரு தகப்பன் சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூலை எடுத்தார். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு முடிச்சு, நெஞ்சுச் சுற்றுக்கு இன்னொரு முடிச்சு. அந்த மாதம் எங்களுக்கு வந்த அளவுகளில் மிகச் சரியானது அதுதான்.

அரபு எழுத்தில் பெயர் கேட்பவர்களும் உண்டு. இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. சில கணினி மென்பொருள்களில் அரபு எழுத்துகள் சேராமல் தனித்தனியே உடைந்து, இடமிருந்து வலமாக விழுந்துவிடும். வெட்டும் இயந்திரத்துக்கு அது தெரியாது. மத்ரஸாவில் எழுத்துக் கூட்டிப் படித்த எந்தப் பெண்ணுக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எங்களைச் சுற்றி இருந்த வண்டிக்காரர்கள் அரபுப் பெயர் வந்தால் தாளைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வருவார்கள். அவர்களில் சிங்களச் சகோதரர்களும் இருந்தார்கள்.

அப்துர் ரஹ்மான், அப்துல்லாஹ் என்று இறைவனின் திருநாமம் சேர்ந்த பெயர்களை அரபு எழுத்தில் பதிக்கச் சொன்னால், சாச்சி ஒரு கேள்வி கேட்பார்: “பிள்ளை இதோட கழிவறைக்கும் போகுமே, அழுக்குக் கூடைக்கும் போகுமே?” பெரும்பாலான உம்மாமார் யோசித்துவிட்டு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்வார்கள். ஒரு விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை என்றுதான் சாச்சி அதைக் கேட்டார். உண்மையில் குறையவில்லை. கூடியது.

2023, 2024 ஆகிய இரண்டு வருடமும் நோன்பு மாதமும் சித்திரைப் புத்தாண்டுக் காலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அதனால் சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் அதே வீதியில் புத்தாண்டுச் சாமான் வாங்கின. பயணம் போக எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை கேட்டு, “நங்கி, சீயாவின் சட்டையில் சீயா என்றே போடுங்கள்” என்று பாட்டனுக்கும் சேர்த்து வாங்கிப் போனார்கள். மாவனல்லையில் பிறந்ததால் சிங்கள எழுத்து எனக்குப் பழக்கம்.

கெட்ட நான்கு வருடங்கள்

இந்தக் கலகலப்பு இடையில் ஓய்ந்திருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு அடுத்த மாதம் வந்த நோன்பில், வீதியில் ஆட்களைவிடப் பயம்தான் கூடுதலாக நடமாடியது என்று சாச்சி சொல்வார். 2020இல் ஊரடங்கு, வண்டி வெளியே வரவேயில்லை. 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. வைனல் தாள் முழுவதும் இறக்குமதி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்சாரமில்லாத சூட்டு இயந்திரம் வெறும் இரும்புப் பெட்டிதானே.

ஆனால் சாச்சியை அதிகம் வருத்தியது 2021. அந்த வருடம் பெருநாள் மே 14ஆம் திகதி. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை வந்தது. 13ஆம் திகதி இரவிலிருந்து நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு. கேகாலை, குருநாகல், காலிப் பக்கத்தில் இருந்து ஓடர் கொடுத்தவர்கள் வர முடியவில்லை. பெயர் பதித்த உடுப்புகள் ஒரு பெரிய பை நிறைய மிஞ்சிவிட்டன. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பேசினார். சிலருக்குத் தபாலில் அனுப்பினார். கேட்டவர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சிலர் “பிறகு வந்து எடுக்கிறோம்” என்றார்கள். ஆறு மாதம் கழித்து வந்தபோது சட்டை சின்னதாகிவிட்டது. பிள்ளைகள் வளர்வதற்கு ஊரடங்கு இல்லையே.

பதித்த வைனலைச் சூடாக்கி உரித்தெடுக்கலாம். என்றாலும் எழுத்து இருந்த இடத்தில் நிழல் போல ஓர் அடையாளம் நிற்கும். ஆகவே சாச்சி வேறு வழி பார்த்தார். ‘ஆயிஷா’வுக்கு இன்னொரு ஆயிஷாவைத் தேடினார். ‘ஹம்தான்’ ஒருவன் பக்கத்து ஒழுங்கையிலேயே இருந்தான். பழைய பெயர்களுக்கெல்லாம் புதிய சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். இரண்டு மூன்று பெயர்களைச் சேர்த்து இந்தக் காலத்தில் வைக்கிறோமே, அந்தப் பெயர்களுக்கு மட்டும் ஆளே கிடைக்கவில்லை. நான் போன 2023இலும் அந்தப் பை வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. நஷ்டம் எவ்வளவு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஓடர் கொப்பியைத் துடைத்து வைத்தார்.

29ஆம் நோன்பு இரவு

27ஆம் நோன்புக்குப் பிறகு ஓடர் எடுப்பதில்லை என்பது எங்கள் வண்டியின் சட்டம். பெருநாள் 29இல் வருமா 30இல் வருமா என்பதைக் கொழும்பு பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவிப்புத்தான் சொல்லும். 30ஐ நம்பி வாக்குக் கொடுத்தால் 29இல் பிள்ளை பழைய உடுப்போடு நிற்கும்.

2024இல் 29ஆம் நோன்பு இரவு. அறிவிப்புக்காக வீதியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் வண்டியில் கொடுக்காமல் இருந்தது ஒரே ஓடர்தான்: மூன்று பெண் பிள்ளைகளின் கவுன்கள். பாதிக் காசு கட்டிய உம்மா சொன்ன நாளில் வரவில்லை. தொலைபேசியும் பதில் தரவில்லை. அப்போது வேறொரு பெண் வந்து, தொங்கிக்கொண்டிருந்த நடுக் கவுனைப் பிடித்தார். அதில் இருந்த பெயர் மர்யம். அவரது மகளும் மர்யம், அளவும் சரி. “முழுக் காசும் தாறேன், மேலயும் தாறேன். நாளைக்குப் பெருநாளென்டா எனக்கு வேற வழியில்ல” என்றார். அவர் பேரம் பேசவில்லை; கெஞ்சினார்.

சாச்சியின் முகத்தைப் பார்த்தேன். கடைக்கு மின்சாரக் காசு கொடுக்க இருந்தது, இயந்திரத்தின் தவணையும் இருந்தது. “அது விற்ற உடுப்பு, தங்கச்சி. என்ட இல்ல” என்றார். பின்னர் பெயரில்லாத ஒரு கவுனை எடுத்துக் காட்டினார். இயந்திரம் சூடாகத்தான் இருந்தது. 27ஆம் நோன்புச் சட்டத்தை மறந்து, அங்கேயே வெட்டி, கிள்ளி, மர்யம் என்று பதித்துக் கொடுத்தோம்.

முதல் ஓடர்க்கார உம்மா இரவு பத்து மணியளவில் வந்தார். தொழிற்சாலையில் வேலை. சம்பளம் அன்று மாலைதான் கிடைத்ததாம், தொலைபேசியில் காசில்லையாம். காசை நீட்டுவதற்கு முன்பு மூன்று கவுன்களையும் விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாக வாசித்தார். மீதியை எண்ணித் தந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு நடந்தார்.

முன்பணம் கொடுத்துப் பின்னர் பொருளைப் பெறும் வியாபாரத்தில் தன்மை, அளவு, தவணை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்று மார்க்கம் கற்றுத் தந்திருப்பதை மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அது ஏன் என்பதை அந்த வண்டியடியில்தான் நான் கண்ணால் கண்டேன். முன்பணம் வாங்கிய பொருள் அமானிதம்.

நிற்கும் பெண்கள்

வண்டியில் நிற்பதன் கஷ்டம் வெயிலோ நோன்போ அல்ல. உட்கார இடமில்லாததும், கழிவறைக்கு இன்னொருவரிடம் கேட்க வேண்டியதும், தொழ ஒரு மூலை தேடுவதும்தான். பின்னால் இருந்த துணிக்கடையின் களஞ்சிய அறையில் பாய் விரித்துத் தந்தார்கள். அவர்களுக்கு அல்லாஹ் அருள் புரியட்டும். எல்லாப் பெண்களுக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

கடைகளில் சம்பளத்துக்கு நிற்கும் நம் பிள்ளைகள் சிலவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி சம்பளத்தில் 8 வீதம் ஊழியரிடமிருந்தும் 12 வீதம் முதலாளியிடமிருந்தும் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். பெருநாள் காலத்தில் கடைக்கு வேலைக்குப் போகும் பெண் பிள்ளை, போகும் முன்பே நேரத்தையும் கூலியையும் எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சட்டையில் பதிக்கும் பெயரை எழுதி வாங்குகிறோம். உழைப்பின் விலையை எழுதி வாங்கக் கூடாதா?

வாங்கப் போகும் சகோதரிகளிடமும் சிறு வேண்டுகோள். பெயரை நீங்களே எழுதிக் கொடுங்கள். சொன்ன நாளில் போய் எடுங்கள். முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதித்து முடிந்த பிறகு விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள்; அந்த உடுப்பை வேறு யாருக்கும் விற்க முடியாது என்று உங்களுக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். மஃரிப் நேரத்தில் அவ்வழியால் போனால், வண்டிக்குப் பின்னால் நிற்கும் பெண் ஒரு மிடறு தண்ணீர் குடித்து முடிக்கும் வரை சற்றுப் பொறுத்து நின்று விலையைக் கேளுங்கள்.